காரின் கூரையில் காயும் மிளகு

பனிக்காலத்தில் ஒரு பழைய காரை மூடி வைக்க வேண்டுமா, திறந்து விட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. நான் வேதியியலில் முதுநிலைப் பட்டம் வாங்கியவள். இரும்பு துருப்பிடிப்பதைச் சமன்பாட்டோடு எழுதி, படமும் வரைந்து, முழு மதிப்பெண் பெற்றவள். அந்தச் சமன்பாட்டில் இரும்பு இருந்தது, தண்ணீர் இருந்தது, ஆக்சிஜன் இருந்தது. தார்ப்பாய் இல்லை. நங்கையும் இல்லை.

மூடினால் உள்ளுக்குள் வியர்க்கிறது. திறந்தால் மேலே நனைகிறது. காரைத்தான் சொல்கிறேன். என் மூன்று வயது மகளுக்கும் இதே சிக்கல்தான் என்பதால், சில நாட்களில் யாரைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று எனக்கே குழம்பிவிடும். ஸ்வெட்டர், அதற்குமேல் சால்வை, குரங்குக் குல்லா, காலுறை எல்லாம் மாட்டிவிட்டால் கழுத்தடியில் வேர்த்து இருமுவாள். கழற்றி விட்டால் குளிர்ந்து இருமுவாள். எப்படி வைத்தாலும் இருமல் நிச்சயம். அதற்கு நான்தான் காரணம் என்பதும் நிச்சயம். அதை எடுத்துச் சொல்ல வீட்டிலும் பக்கத்திலும் ஆள் உண்டு. யாரும் இல்லாத நேரத்தில் நானே சொல்லிக்கொள்வேன்.

கார் வந்ததே அந்த இருமலால்தான். பனி இறங்கும் மாதங்களில் மகளுக்கு மூச்சு இழுக்கும். சாதாரணச் சளிக்கு எங்கள் மலையிலேயே வைத்தியம் உண்டு. நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தால் அடிவாரத்து ஊருக்குத்தான் இறங்க வேண்டும். பேருந்து வரும்வரை நிற்க வேண்டும். வந்தபின் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்க வேண்டும். அவளும் எடுப்பாள், நானும் எடுப்பேன். கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால் பாலித்தீன் பையை எடுத்து நீட்டுவார். ஊரில் எனக்குக் கிடைக்கும் ஒரே தனி மரியாதை அது. போன பனிக்காலத்தில் ஒரு நாள், வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நிற்க, பேருந்தும் நின்றுவிட்டது. மகள் ஒவ்வொரு மூச்சுக்கும் என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். அன்றே முடிவு செய்தேன், கார் வேண்டும் என்று.

"காரா இருந்தாலும் அந்த லாரிக்குப் பின்னாடிதான நின்னிருக்கும்?" என்று கணவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. அழுவேன்.

அப்படி வாங்கிய கார் இது. அடிவாரத்து ஊரில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், எங்கள் நங்கையிடம் வருடா வருடம் மிளகு எடுப்பவர், தன் பழைய காரை விற்கப் போவதாகச் சொன்னார். நங்கை என்பது என் கணவரின் அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரே வாசலைச் சுற்றி அவருக்கு ஒரு வீடு, எங்களுக்கு ஒரு வீடு. என் வீட்டில் என்ன குழம்பு என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"என்ற சொந்த வண்டி மாதிரி வெச்சிருந்தேம்மா" என்றார் பாய், பானெட்டைத் தட்டிக்கொண்டே.

"உங்க சொந்த வண்டிதானுங்களே பாய்?" என்றேன்.

"அதத்தான் சொல்றேன்."

கார் ஒரு காலத்தில் மெரூன் நிறத்தில் இருந்திருக்க வேண்டும். பானெட் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. பாய் அதை மேட் ஃபினிஷ் என்றார். கூரையில் மேல்பூச்சு வெயிலில் காய்ந்த தோல்போலச் சுருண்டு உரிந்திருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "எஞ்சின் தங்கம்" என்று மட்டும் சொன்னார். எஞ்சின் தங்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கத்தை ஒரு நல்ல டப்பாவில் போட்டிருக்கலாம்.

கணவருக்கு அரை மனது. கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் என் நகை, கொஞ்சம் என் கண்ணீர் என்று சேர்த்து வாங்கியபின் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள கூரையில துரு தெரிஞ்சுதுன்னா வண்டியத் திருப்பிக் குடுத்தர்றோம். பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சு, டிங்கரிங் கடைக்காரனுக்குக் கொட்டறதுக்கு நம்மகிட்ட ஒண்ணுமில்ல. இப்பவே சொல்லிட்டேன்." பாயும் பெருந்தன்மையாக, "புடிக்கலைன்னா பொங்கலுக்குக் கொண்டாந்து உட்ருங்க, கொஞ்சம் பாத்து எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். ஆக, பாவம், ஒரு காரின் தோல்மீது எல்லோரும் சேர்ந்து பாரத்தை ஏற்றிவிட்டோம். தோல் தாங்கினால் கார். தாங்காவிட்டால் மறுபடியும் பாலித்தீன் பை.

நான் படித்தவள் இல்லையா, படிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தொட்டியின் நிழலைத் தாண்டி ஓரடி வலப்பக்கம் நின்றால் கிடைக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்று, குளிர்காலத்துக்கு முன் காரின் பெயிண்டைக் காப்பது எப்படி என்று உலகத்தார் போட்டிருந்த வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். எல்லோரும் வெளுத்த ஆட்கள், கையுறை போட்டவர்கள். பின்னால் வீட்டுக் கூரை உயரத்துக்குப் பனிக்கட்டி. மண்வெட்டியால் காரைத் தோண்டி எடுத்தார்கள். சாலையில் உப்பு கொட்டுவார்களாம், அது பெயிண்டைத் தின்னுமாம். எங்கள் சாலையில் உப்பு கொட்டுவதில்லை. சில இடங்களில் தாரே கொட்டுவதில்லை. அந்த வகையில் நான் பாதுகாப்பாக இருந்தேன்.

எங்கள் பனி வேறு சாதி. அது மேலிருந்து விழாது. பள்ளத்திலிருந்து ஏறி வந்து, கூப்பிடாத விருந்தாளிபோல வாசலில் உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது, உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும், தீக்குச்சி தலை கழன்று விழும். அதற்கு வீடியோ யாரும் போடவில்லை. ஒருவர் மட்டும் செராமிக் கோட்டிங் பற்றித் தமிழில் பொறுமையாக விளக்கினார். கடைசியில் விலை சொன்னார். அந்த விலைக்குப் பாயிடம் இன்னொரு கார் வாங்கி, அதையும் உரிய விடலாம்.

எனவே சிக்கனமாகப் போனேன். கழுவுவதற்குத் தனி ஷாம்பு வேண்டும், பாத்திரம் துலக்கும் சோப்பு கூடவே கூடாது என்று எல்லா வீடியோவும் மிரட்டியதால் மகளின் ஷாம்புவை எடுத்தேன். கண்ணில் பட்டாலும் எரியாது என்று போட்டிருந்தது. காரின் கண்கள் எரிந்ததாகத் தெரியவில்லை. துடைக்கக் கணவரின் பழைய வேட்டி. கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடங்களுக்கு ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய மெரூன் நகப்பூச்சு. ஈரம் உள்ளே போகாமல் அடைத்தால் போதும், பார்ப்பதற்கு அழகாக இருக்கத் தேவையில்லை என்று ஒருவர் சொல்லியிருந்தார். அழகாக இல்லாமல் செய்வதில் எனக்கு எந்தச் சிரமமும் ஏற்படவில்லை. மகளும் உதவினாள். இடப்பக்கக் கதவில் பெயர்வே இல்லாத இடங்களிலும் ஈரம் போகாமல் அடைத்திருக்கிறாள்.

கார்த்திகையில் ஒரு நாள் வெயில் வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைத்ததிலேயே மலிவான வேக்ஸ் டப்பாவைத் திறந்து, வட்ட வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். நங்கை மரவள்ளிக் காட்டிலிருந்து வந்தவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தார்.

"என்ன கண்ணு, காருக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்க வாக்கறயா? சீயக்கா எடுத்தாரட்டுமா?"

"இது வேக்ஸுங்க நங்கை. இதப் போட்டா பனி உள்ள எறங்காது."

"அப்படியா? என்ற முட்டிக்கும் ரெண்டு தேய்ப்பு தேச்சு உடு. அதுலயுந்தான் பனி எறங்குது."

"இது பெயிண்டுக்குங்க."

"அதுசரி. பொம்பள முட்டிக்கு எவன் வேக்ஸ் கண்டுபுடிச்சான்?"

மறுநாள் காலையில் கூரைமீது பனி முத்து முத்தாக நின்றது. வழியவில்லை, ஊறவில்லை, உருண்டு நின்றது. வீடியோவில் காட்டியபடியே! கணவரைக் கூப்பிட்டேன், நங்கையைக் கூப்பிட்டேன், மகளைத் தூக்கிக் காட்டினேன். கணவர் "ம்" என்றார். அவரிடமிருந்து அது கைதட்டல். நங்கை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "சேம்பு எல மேலயும் இப்படித்தான் நிக்கும். அதுக்கு ஆரும் டப்பா வாங்கித் தேய்க்கல" என்றார்.

இத்தோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் உரிந்த இடத்தில் மேல்பூச்சே இல்லாதபோது வேக்ஸ் எதைப் பிடித்துக்கொள்ளும் என்ற சந்தேகம் வந்துவிட்டது. எனக்குச் சந்தேகம் வந்தால் போகாது, குடும்பத்தோடு தங்கும். காருக்கென்று தைத்த உறை வாங்கலாம் என்றால் அதற்கும் கணவரிடம் கேட்க வேண்டும். நங்கையிடம் ஒரு பெரிய நீலத் தார்ப்பாய் இருந்தது. மிளகு பறித்ததும் அதில் பரப்பித்தான் காய வைப்பார்.

"வெச்சுக்க. மொளகு பறிக்கற வரைக்கும் எனக்கு வேண்டாம்" என்று கொடுத்தார். "பத்தரமா வெச்சிரு" என்றும் சொன்னார். இதை எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்வதுதான் என்று நினைத்தேன்.

தினமும் மாலையில் காரை மூடிக் கயிறு கட்டினேன். மகளையும் மூடிக் கட்டினேன். காலையில் இருவரையும் அவிழ்ப்பேன். இருவரும் உள்ளே நனைந்திருப்பார்கள். மேலே ஒரு சொட்டுப் பனி படாத கூரை எப்படி நனைகிறது? ஆவி, குளிர்தல், திரவமாதல் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே டியூஷனில் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆனாலும் கயிறு தளர்வாக இருக்கிறது போல என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

மார்கழி பிறந்த சில நாட்களில் கூரையில் கொப்புளங்களைப் பார்த்தேன். அம்மை போட்டது போலச் சின்னச் சின்னதாக, பெயிண்டுக்கு அடியில் உப்பிக்கொண்டு. தொட்டால் மெத்தென்று இருந்தது. கணவரிடம் சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு ஓடி, பாயைப் போனில் கூப்பிட்டேன்.

"பாய், கூரையில கொப்புளம் வந்திருக்குதுங்க."

"என்னம்மா செஞ்சீங்க?"

"ஒண்ணுஞ் செய்யலீங்க. மூடித்தான் வெச்சேன்."

"ஏம்மா மூடினீங்க? நான் அத்தன வருசம் வெயில்லயும் மழையிலயும் தொறந்தே போட்டிருந்தேன். என்ன ஆச்சு?"

"தோல் உரிஞ்சு போச்சுங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று ஓரடி வலப்பக்கம் நகர்ந்தேன். பிறகு பாய் தொண்டையைச் செருமினார். "சரி, மூடறதுன்னா அங்கங்க ஓட்டை போட்டு மூடுங்க. காத்து போகணும்ல? மூட்டையக்கூட நாங்க ஊசி குத்தித்தான் வெப்போம்."

அதே வாரம் மகளைக் காட்டிய டாக்டரம்மாவும் ஸ்வெட்டரையும் சால்வையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, "குழந்தை எங்கம்மா?" என்று கேட்டார். கடைசி அடுக்கில் கண்டுபிடித்தபின், "கொஞ்சம் காத்தாட விடுங்க, வேர்வையிலதான் இவளுக்குச் சளி கட்டுது" என்றார். ஒரே வாரத்தில் ஒரு மருத்துவரும் ஒரு மிளகு வியாபாரியும் ஒன்றையே சொன்னால் அது அறிவியல்தானே? வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து வைத்தேன். ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சித் தார்ப்பாயில் வரிசை வரிசையாக ஓட்டை போட்டேன். அளவெடுத்து, கோடு போட்டு, இடைவெளி பார்த்துப் போட்டேன். அவ்வளவு ஒழுங்கான ஓட்டைகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காற்று எவ்வளவு போகும், நீர் எவ்வளவு வரும் என்றெல்லாம் யோசித்தேன். ஒரு மிளகின் விட்டம் என்ன என்பது மட்டும் தோன்றவில்லை.

அந்த வருடம் மிளகுச் சரங்கள் கொஞ்சம் முந்தியே பழுத்துவிட்டன. மார்கழிப் பாதியில் முதல் பறிப்பை மூட்டையாகக் கட்டி வாசலில் இறக்கிவிட்டு, நங்கை தார்ப்பாயைக் கேட்டார். உதறி விரித்துக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அவருடைய முகத்தில், சேலையில், கழுத்தில் எல்லாம் பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்தது.

"என்ன சாமி இது, சல்லடையா?"

"காருக்கு மூச்சு விடறதுக்குங்க நங்கை."

"உட்டுச்சா?"

நான் கூரைக் கொப்புளங்களைப் பார்த்தேன்.

"கார் மூச்சு உட்டுதோ என்னமோ, என்ற மொளகெல்லாம் இப்ப கீழ எறங்கி நடந்து போயிரும்." தார்ப்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மார்கழியில் எங்கள் வாசலில் முக்கால்வாசி சில்வர் ஓக் மரங்களின் நிழலில்தான் கிடக்கும். வெயில் நன்றாக விழும் இடம் ஒன்றே ஒன்று. அதைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே காரை நிறுத்தி வைத்திருந்தேன், ஈரம் காயட்டும் என்று.

"வெயிலப் புடிச்சு வெச்சிருக்கறது உன்ற கார். தார்ப்பாயைக் கெடுத்தது நீ. அப்ப மொளகு காயற எடம் எது கண்ணு?"

"நங்கை, வேக்ஸ் போட்டிருக்குதுங்க…"

"நல்லதாப் போச்சு. வழுக்கீட்டு காயும்."

கெஞ்சிப் பார்த்தேன். பச்சை மிளகின் சாறு கறை பிடிக்கும், உருண்டால் கீறல் விழும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் கல்யாணச் சீராக வந்து, விருந்தாளிக்குக்கூட விரிக்காமல் நான் பாதுகாத்து வைத்திருந்த ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து கூரைமீது மடித்துப் போட்டேன். அதன்மேல் அவர் மிளகைப் பரப்பினார். கார்ப் பெயிண்டைப் பாதுகாக்கும் எந்த வீடியோவிலும் இந்த முறையை நான் பார்க்கவில்லை.

ஆக, அவசரத்துக்கென்று வாங்கிய கார், மிளகு காய்கிறது என்பதால் நகராமல் நின்றது. கணவர் பைக்கில் ஏறும்போது பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அவர் காலையில் போனால் மாலையில்தான் வருவார். அலுவலகம் மலைக்கு அந்தப் பக்கம்.

பொங்கலுக்கு முன்பு ஒரு காலை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகள் வந்து என் மடியில் சாய்ந்தாள். நெஞ்சு விசில் அடித்தது. பேச முயன்று பாதியில் நிறுத்தினாள். பம்ப் மருந்து கொடுத்தேன், கேட்கவில்லை. தோள்கள் ஏறி இறங்க ஆரம்பித்தன. ஸ்வெட்டரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். நங்கை போய் ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அத்தனை நாள் கிளறிக் கிளறிக் காய வைத்த மிளகு வாசலெங்கும் சிதறியது.

"நங்கை, மொளகு…"

"மொளகு கெடக்குது, நீ வண்டிய எடு!"

மகளை மடியில் போட்டுக்கொண்டு அவரும் ஏறினார். நான் ஓட்டினேன். நான் ஓட்டுவதைப் பற்றிக் கணவருக்குச் சில கருத்துகள் உண்டு. அன்று அவை எதுவும் பொருந்தாது. பேருந்துக்கு நிற்கவில்லை. யாரும் பாலித்தீன் பை நீட்டவில்லை. முதல் வளைவில் திரும்பியபோது கூரையில் மிச்சம் ஒட்டியிருந்த மிளகுகள் சடசடவென்று கண்ணாடியில் உருண்டு விழுந்தன. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். வைப்பரைப் போட்டேன். வைப்பர் மிளகைத் தள்ளியது. மகள் இழுத்த மூச்சுக்கு நடுவில், "அம்மா… மொளகு மழை" என்றாள். நங்கை, "ஆமா கண்ணு, உங்கம்மாவுக்கு மட்டும் இப்படிப் பேயும்" என்றார். சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தேய்த்தார்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. பிறகு எனக்கு ஒரு டீ, அவளுக்கு ஒரு பன். திரும்பும்போது நங்கை பாயின் கடைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். மீதி மிளகுக்கு விலை பேசி வைக்கலாமாம். பாய் வெளியே வந்து காரைச் சுற்றி வந்தார். கூரை ஓரத்து இடுக்கில் சிக்கியிருந்த மிளகு ஒன்றைக் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா, மொளகுல செருப்புக்கடை வாசம் அடிக்குது?"

"வேக்ஸுங்க பாய்."

"உங்க மலையில இதெல்லாங்கூட போடறாங்களா?"

"பனி எறங்காது பாருங்க" என்றார் நங்கை. "வெலையும் எறங்காது. ஞாபகம் வெச்சுக்கங்க."

பாய் சிரித்துக்கொண்டே மிளகைக் கீழே போட்டார். பிறகு கூரையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். கொப்புளங்களில் ஒன்று உடைந்திருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒன்று. விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவளும் சொல்லவில்லை. மகள் பின்சீட்டில் வாய் திறந்தபடி, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தமில்லாத மூச்சைக் கேட்டுக்கொண்டே மலை ஏறினோம்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் எப்போதோ போயிருந்தது. பனி வாசலில் பாதி ஏறிவிட்டது. கணவர் இன்னும் வரவில்லை. நங்கை துடைப்பத்தை எடுத்துச் சிதறிய மிளகைக் கூட்டி அள்ளி, முறத்தில் புடைத்தார். பிறகு ஜமுக்காளத்தை உதறிக் காரின் கூரைமீது விரித்து, மிளகை அதன்மேல் கொட்டிப் பரப்பினார்.

"வெயிலே இல்லீங்களே நங்கை?"

"நாளைக்கு வரும்ல?"

"பனியில நனஞ்சிருங்களே?"

"ஏன், காருக்கு ஊடு கட்டறதுக்கு மட்டுந்தான் உனக்குத் தெரியுமா? அந்தச் சல்லடைய எடுத்தா."

ஓட்டைத் தார்ப்பாயை எடுத்து வந்து மிளகின்மேல் மூடினோம். ஓரத்தை இழுத்துவிடும்போது, ஜமுக்காளத்தின் முனை சரியாக அந்தப் பழுப்பு இடத்தின்மேல் விழும்படி அவர் இழுத்துவிட்டார். தற்செயலாக இருக்கலாம்.

பொங்கலன்று காலை கணவர் குளித்து, புது வேட்டி கட்டி, கையில் ஒரு துணியோடு காரின் பக்கத்தில் வந்து நின்றார். "மொளகக் கொஞ்சம் எடுங்க. கூரையப் பாக்கோணும்."

"மொளகு மேல கை வெச்ச, தம்பின்னு பாக்க மாட்டேன்" என்றார் நங்கை, பொங்கல் பானையிலிருந்து திரும்பாமலே. "காஞ்ச பொறகு பாத்துக்க. கூரை எங்கயும் ஓடிப் போயிராது."

"இன்னுமா காயல?"

"பனி."

தை இப்போது பாதி ஓடிவிட்டது. நல்ல வெயில் அடிக்கிறது. கையை விட்டுக் கிளறினால் மிளகு கலகலவென்று சத்தம் போடுகிறது. பாய் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார், "இன்னும் எதுக்குக் காய வெக்கறீங்க, கல்லாப் போயிரும்" என்று. இரண்டாம் பறிப்பை நங்கை வேறெங்கோ கோரைப்பாய் கேட்டு வாங்கி விரித்துக் காய வைத்துவிட்டார். முதல் பறிப்பு மட்டும் காரின்மேல் அப்படியே இருக்கிறது. காரை எடுக்க வேண்டிய நாட்களில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் ஜமுக்காளத்தைப் பிடித்து இறக்கிவிட்டு, கணவர் வருவதற்குள் ஏற்றிவிடுகிறோம். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

போன வாரம் கணவர் அலுவலகம் கிளம்பும்போது காரின் பக்கத்தில் நின்றார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மிளகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். ஜன்னல்வரைக்கும் கேட்டது, படக்கென்று உடைந்த சத்தம். மென்றார். காரம் ஏறியிருக்க வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே இருந்த எனக்குக் கேட்கும்படி, "ம். இன்னும் ஈரம் இருக்குது" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

இதைப் படிப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். எனக்கு உங்களிடம் கேட்க ஒன்றுதான் உண்டு. பச்சை மிளகின் சாறு ஊறிப் பிடித்த கறையும் பழுப்புதான், துருவும் பழுப்புதான். கூரையில் இருப்பது எது என்று துடைத்துப் பார்க்காமல், சுரண்டிப் பார்க்காமல், கணவர் கண்ணில் படாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? துடைத்துப் பார்த்தால் என்ன என்று கேட்காதீர்கள். துடைத்தால் தெரிந்துவிடும். அது கறையாக இருந்துவிட்டால் நல்லது, அன்றைக்கே மிளகைப் பாயிடம் அனுப்பிவிடுகிறேன். துருவாக இருந்தால், மலிவாக, வீட்டிலேயே, ஒரு ஜமுக்காளத்தின் அடியிலேயே செய்து முடிக்கக்கூடிய வைத்தியம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நகப்பூச்சு மிச்சம் இருக்கிறது. மூடுவதா, திறந்து விடுவதா என்பதற்கும் யாருக்காவது உறுதியாகப் பதில் தெரிந்தால் எழுதுங்கள். காருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதினால் நல்லது. முடிந்தால் மாசிக்குள். அதற்குமேல் மிளகில் ஈரம் இருப்பதாகச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் முகம் இருக்காது.